வைடு லென்ஸில் மூலை ஏன் இருட்டாகிறது, அதை எப்படிச் சரிசெய்வது?

வைடு ஆங்கிள் லென்ஸ் வாங்கிய புதிதில் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, வெளியே போய் வானமும் தரையும் சேர்த்து அகலமாக ஒரு படம் எடுப்பதுதான். அதைப் பெரிய திரையில் திறந்து பார்த்தால் நடுவில் வானம் பளிச்சென்று இருக்கும், நான்கு மூலைகளில் மட்டும் கரியைத் தொட்டு லேசாகத் தேய்த்துவிட்டது போல இருட்டு தெரியும். உடனே லென்ஸில் ஏதோ பழுது என்று மனசு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. இதற்கு விக்னெட்டிங் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் விக்னெட் என்றால் சின்னத் திராட்சைக் கொடி. பழைய புத்தகங்களில் பக்க ஓரத்தில் வரைந்த கொடி அலங்காரத்தை அப்படிச் சொன்னார்கள், அப்புறம் ஓரம் மங்கி மறைகிற உருவப்படங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அப்படியே மூலை இருட்டுக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மூலை இருட்டு ஒரே காரணத்தால் வருவதில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் காரணம் நான்கைந்து வகை, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இது தெரியாமல் எல்லாவற்றையும் சாஃப்ட்வேரில் தள்ளிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள்தான் அதிகம், அதனால் மூலைகளில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பி படம் இன்னும் கெடும். இன்னொரு பக்கம், லென்ஸையே குறை சொல்லிக்கொண்டு இருப்போம், உண்மையான காரணம் லென்ஸுக்கு முன்னால் திருகி வைத்திருக்கிற ஃபில்டராக இருக்கும்.

எது காரணம் என்று கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது, காசு செலவில்லாதது: அபர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் போகிற துளையின் அளவை, மாற்றி மாற்றி எடுத்துப் பார்ப்பது. மேகம் ஒரே சீராக மூடிய வானத்தைப் பார்த்து கேமராவைப் பிடியுங்கள், ஃபோகஸைக் கையால் இன்ஃபினிட்டியில் வையுங்கள், அபர்ச்சரை நாமே தேர்ந்தெடுக்கிற அபர்ச்சர் பிரையாரிட்டி மோடில் லென்ஸின் முழுத் திறப்பில் ஒன்று, பிறகு எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று வரிசையாக எடுங்கள். எண் கூடக் கூடத் துளை சுருங்கும். கணினியில் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தெரியாத இருட்டு, சின்னதாகப் பார்க்கும்போது சட்டென்று கண்ணில் படும். துளையைச் சுருக்கச் சுருக்க இருட்டு கரைந்து போனால் அது லென்ஸ் குழாயின் வேலை. எவ்வளவு சுருக்கினாலும் கொஞ்சம் மீதி அப்படியே நின்றால் அது கோணத்தின் வேலை. சுருக்கச் சுருக்க இருட்டின் விளிம்பு இன்னும் தெளிவாக, கத்தரித்தது போல ஆனால், லென்ஸுக்கு முன்னால் ஏதோ பொருள் குறுக்கே நிற்கிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தச் சோதனையில் ஒரு எச்சரிக்கை. வானமே ஒரு பக்கம் வெளிச்சம் கூடுதலாக இருக்கலாம். அதனால் ஒரு படம் எடுத்த பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தைப் பார்த்து இன்னொன்று எடுங்கள். இருட்டு படத்தின் அதே மூலையிலேயே இருந்தால் அது கேமராவின் பக்கத்து விஷயம், எதிர் மூலைக்கு மாறிவிட்டால் அது வானத்தின் விஷயம்.

இப்போது கோணத்தின் வேலை என்றேனே, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் வைடு லென்ஸ் என்றாலே மூலை இருட்டு என்று சொல்ல வைப்பது இதுதான். ஒரு தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமாகத் தெரியும், சாய்த்தால் ஒடுங்கி முட்டை வடிவமாகத் தெரியும். லென்ஸுக்குள் இருக்கிற துளையும் அப்படித்தான். நேரே வருகிற வெளிச்சத்துக்கு அது முழு வட்டம், பக்கவாட்டிலிருந்து சரிந்து வருகிற வெளிச்சத்துக்கு அது ஒடுங்கிய துளை, அதனால் உள்ளே போவது குறைவு. அதோடு, துளையிலிருந்து, படம் பதிகிற சென்சாரின் மூலை, நடுவை விட அதிக தூரம், தூரம் கூடினால் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். கடைசியில் சென்சாரின் மேல் சாய்ந்து விழுகிற வெளிச்சம் பரவி விழும், டார்ச்சைச் சுவரில் சாய்த்து அடித்தால் வட்டம் நீண்டு மங்குவது போல. துளை ஒடுங்குவதற்கு ஒரு கொசைன், தூரத்துக்கு இரண்டு, சாய்ந்து விழுவதற்கு ஒன்று, ஆக நான்கு கொசைன்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. கொசைன் நான்கு விதி என்று புத்தகங்களில் வருவது இதுதான்.

கணக்கு போட்டுப் பார்த்தால் எவ்வளவு கடுமையான விதி என்பது புரியும். முழு ஃபிரேம் என்கிற 36×24 மிமீ சென்சாரின் நடுவிலிருந்து மூலை வரை சுமார் 21.6 மிமீ. 50 மிமீ லென்ஸில் மூலைக்குப் போகிற கதிர் சுமார் 23 டிகிரி சாய்வு, விதிப்படி இழப்பு அரை ஸ்டாப்தான், கண்ணில் படாது. ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது. 24 மிமீ லென்ஸில் சாய்வு 42 டிகிரி, மூலைக்கு வருவது நடுவில் விழுவதில் 30 சதவீதம் மட்டும். 16 மிமீ லென்ஸில் 53 டிகிரிக்கு மேல், மூலைக்கு எட்டில் ஒரு பங்குதான் வரும், அதாவது மூன்று ஸ்டாப் இழப்பு. வெளிச்சம் மூன்று முறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வேளையாக, நம் கையில் இருக்கிற லென்ஸ்கள் இந்த விதியை அப்படியே முழுதாக அனுபவிப்பதில்லை. எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே, வ்யூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்புகிற கண்ணாடி ஏறி இறங்க இடம் விட வேண்டியிருந்ததால், முன்னால் பெரிய குழி லென்ஸ் வைத்த ரெட்ரோஃபோகஸ் என்ற வடிவமைப்பு வந்தது. அதில் கதிர் பின்பக்கம் வெளியே வரும்போது சாய்வு குறைந்துவிடும். இதை நேரிலேயே பார்க்கலாம். உங்கள் வைடு லென்ஸைக் கழற்றி, முன்பக்கத்திலிருந்து உள்ளே தெரிகிற துளையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சாயுங்கள். தட்டு போல ஒடுங்க வேண்டிய துளை, உங்களைப் பார்த்துத் திரும்புவது போலத் தெரியும், ஒடுங்குவது எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருக்கும். லென்ஸ் வடிவமைத்தவர்களின் உழைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போன தருணம் அதுதான்.

இந்தத் தந்திரம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்பதும் அழகான கதை. 1900இல் ஜெர்மனியின் கோர்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபான் ஹோக் வடிவமைத்த ஹைப்பர்கான் லென்ஸ் சுமார் 135 டிகிரி அகலம் பார்க்கும், அதற்கேற்ப மூலைகள் பயங்கர இருட்டு. அதனால் லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தார்கள். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்று ஊதினால் சக்கரம் சுழலும், சுழலும்போது நடுவில் வருகிற வெளிச்சத்தை அதிகம் மறைக்கும், ஓரத்தை அவ்வளவாக மறைக்காது. எக்ஸ்போஷரின் ஒரு பகுதி அது சுழலும், பிறகு அதை ஒதுக்கிவிட்டு மீதியை முடிப்பார்கள். பின்னால் வந்த சென்டர் ஃபில்டரும் இதே யோசனைதான்: நடுவில் சாம்பல் நிறம் அடர்ந்து, ஓரத்துக்குப் போகப் போகத் தெளிகிற கண்ணாடி. பெரிய ஃபிலிம் தாள் போடுகிற லார்ஜ் ஃபார்மட் கேமராக்களின் வைடு லென்ஸ்களுக்கும், ஹாஸல்பிளாட் எக்ஸ்பேன் என்ற பனோரமா கேமராவின் 30 மிமீ லென்ஸுக்கும் இதைப் போட்டார்கள். மூலையைத் தூக்கிவிடாமல் நடுவை இறக்கிச் சமப்படுத்துவதால் மொத்தத்தில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும், அதனால் டிரைபாட் இல்லாமல் கஷ்டம். டிஜிட்டலில் சாதாரணமாக இது நமக்குத் தேவைப்படாது.

அடுத்தது லென்ஸ் குழாயின் வேலை. இரண்டு கைகளிலும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து கைக்கொரு வட்டம் செய்து, ஒன்றை முகத்துக்குப் பக்கத்திலும் இன்னொன்றை ஒரு சாண் தள்ளியும் வைத்து, ஒற்றைக் கண்ணால் நேராகப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரியும். தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, நடுவில் எலுமிச்சை வடிவில் ஒரு சந்து மட்டும் மிஞ்சும். லென்ஸின் முன் விளிம்பும் பின் விளிம்பும் மூலைக்கு வருகிற வெளிச்சத்தை இப்படித்தான் வெட்டுகின்றன. இரவில் எஃப் 1.4, எஃப் 1.8 என்று திறந்து வைத்து எடுத்த படங்களில், நடுவில் வட்டமாக இருக்கிற விளக்கு மங்கல்கள் ஓரத்தில் பூனைக் கண் போல ஒடுங்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதுவும் இந்த வெட்டின் உருவமே. துளையைச் சுருக்கினால், அந்த எலுமிச்சைச் சந்துக்குள்ளேயே முழு வட்டமும் அடங்கிவிடும், வெட்டு நின்றுவிடும். முழுத் திறப்பிலிருந்து இரண்டு அல்லது மூன்று ஸ்டாப் சுருக்கினால் பெரும்பாலான லென்ஸ்களில் இந்த வகை இருட்டு ஏறக்குறையப் போய்விடும். எஃப் 2.8 லென்ஸ் என்றால் எஃப் 5.6க்கு வந்துவிடுங்கள். இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் எப்படியும் எஃப் 8, 11இல் எடுப்பதால் அவர்களுக்கு இது பெரிய தலைவலியாக வராது.

லென்ஸுக்கு முன்னால் குறுக்கே நிற்கிற பொருள்தான் எனக்குப் பாடம் சொன்ன விஷயம். ஒரு மலை உச்சியில் சூரியன் இறங்குகிற நேரம், 16 மிமீ வைத்து, பாதுகாப்புக்கு எப்போதும் போட்டிருந்த யூவி ஃபில்டரைக் கழற்றாமல் அதன் மேலேயே, பளபளப்பைக் குறைத்து வானத்தை அடர் நீலமாக்குகிற போலரைசர் ஃபில்டரைத் திருகி, எண்பது தொண்ணூறு படங்கள் எடுத்தேன். வ்யூஃபைண்டரில் எதுவும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் உண்டு: பல எளிய எஸ்எல்ஆர் கேமராக்களின் வ்யூஃபைண்டர் படத்தில் சுமார் 95 சதவீதத்தைத்தான் காட்டும், மூலையின் அந்தக் கடைசிப் பகுதி கண்ணுக்கு வராது. கணினியில் திறந்தபோது நான்கு மூலைகளிலும் நகத்தால் கீறி எடுத்தது போலக் கறுப்பு வளைவுகள். அந்தக் கறுப்பில் எந்தத் தகவலும் இல்லை, அதை எந்த சாஃப்ட்வேரும் வெளிச்சமாக்க முடியாது, ஓரத்தை வெட்டுவது மட்டும்தான் வழி. அத்தனை படங்களையும் வெட்டினேன், அகலத்துக்காக எடுத்த படத்தில் அகலம் போனது இன்றைக்கும் வருத்தம்.

ஆகவே வைடில் எடுக்கும்போது ஃபில்டர் மேல் ஃபில்டர் வேண்டாம். ஒன்று போதும், அதுவும் விளிம்பு மெல்லியதாக இருந்தால் நல்லது. இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் ஸ்டெப் அப் வளையம் போட்டு லென்ஸின் திருகு அளவை விடப் பெரிய ஃபில்டரை மாட்டலாம், 77 மிமீ லென்ஸில் 82 மிமீ ஃபில்டர் என்பது போல. சதுர ஃபில்டர் மாட்டுகிற ஹோல்டர்களில் எத்தனை வரிசைக் காடி இருக்கிறது என்று பாருங்கள், பயன்படுத்தாத காடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

பக்கத்து வெளிச்சத்தை மறைக்க லென்ஸின் முன்னால் மாட்டுகிற ஹூட் இன்னொரு இடம். இதழ் இதழாக வெட்டிய ஹூட் ஏன் அப்படி இருக்கிறது என்றால், படம் நீள்சதுரம், அதன் மூலைகள்தான் அதிக தூரம் எட்டிப் பார்க்கும், அந்த இடத்தில் ஹூட் தாழ்ந்திருக்க வேண்டும். ஹூட் கடைசிக் கிளிக் வரை திரும்பாமல் கொஞ்சம் கோணலாக நின்றால், நீண்ட இதழ் மூலைக்குள் எட்டிப் பார்க்கும். குறுக்காக எதிரெதிரே இருக்கிற இரண்டு மூலைகள் மட்டும் இருண்டிருந்தால் முதலில் ஹூட்டைத் தொட்டுப் பாருங்கள், பலமுறை அங்கேயே முடிந்துவிடும். வேறு லென்ஸுக்கான ஹூட்டைத் திருகு பொருந்துகிறது என்று மாட்டுவதும் இதே விளைவைத் தரும். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு எஃப் 16 வைத்து, வெளிச்சமான ஏதாவது ஒன்றைப் பார்த்து ஒரு படம் எடுத்து மூலைகளைப் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சார் கேமராவுக்கான லென்ஸை முழு ஃபிரேம் கேமராவில் மாட்டினால் வருவது இன்னும் வெளிப்படையானது. ஒவ்வொரு லென்ஸும் உள்ளே ஒரு வட்டமான பிம்பத்தைத்தான் விழவைக்கிறது. ஏபிஎஸ்-சி சென்சாரின் மூலைக்கு மூலை சுமார் 28 மிமீ, முழு ஃபிரேமுக்கு சுமார் 43 மிமீ. சின்ன வட்டம் பெரிய சென்சாரை மூடாது, அவ்வளவுதான். சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிற கிராப் மோடுக்கு மாறிக்கொள்ளுங்கள். இதையே திருப்பிப் போட்டால் நல்ல செய்தி: முழு ஃபிரேம் லென்ஸை ஏபிஎஸ்-சியில் மாட்டினால் இருட்டான ஓரம் சென்சாருக்கு வெளியே போய்விடும்.

சென்சாருக்கும் இதில் சின்னப் பங்கு உண்டு. ஃபிலிம் சாய்ந்து வருகிற வெளிச்சத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, டிஜிட்டல் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் கிணறு போல, மேலிருந்து நேராக வருவதைத்தான் நன்றாக வாங்கிக்கொள்ளும். ஃபிலிம் காலத்து ரேஞ்ச்ஃபைண்டர் வைடு லென்ஸ்களை அடாப்டர் போட்டு டிஜிட்டலில் மாட்டினால் மூலை இருட்டோடு ஒரு இளஞ்சிவப்புச் சாயமும் சேர்ந்து வருவது இதனால்தான். 2006இல் வந்த லைக்கா எம்8 கேமராவில் ஓரத்துப் பிக்சல்களின் மேல் இருக்கிற மைக்ரோ லென்ஸ்களை நடுப்பக்கமாக நகர்த்தி வைத்ததே இந்தச் சாய்வைச் சமாளிக்கத்தான்.

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம். ஜேபெக் எடுப்பவர் என்றால் கேமராவிலேயே வேலை முடியலாம். கேனானில் பெரிஃபெரல் இல்யூமினேஷன் கரெக்‌ஷன், நிக்கானில் விக்னெட் கன்ட்ரோல், சோனியில் ஷேடிங் காம்பென்சேஷன் என்று மெனுவில் இருக்கும், ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வேலை ஒன்றுதான். கேமராவுக்கு அந்த லென்ஸ் தெரிந்திருக்க வேண்டும், வேறு நிறுவனத்து லென்ஸ் என்றால் பல நேரம் வேலை செய்யாது. ராவில், அதாவது கேமரா மாற்றாமல் அப்படியே தருகிற கோப்பாக எடுத்தால், லைட்ரூம் சாஃப்ட்வேரில் அந்த லென்ஸின் குறைகளைப் பதிந்து வைத்திருக்கிற லென்ஸ் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுப்பது, டார்க்டேபிளில் லென்ஸ் கரெக்‌ஷன் பகுதியைத் திறப்பது, அவ்வளவுதான். ப்ரொஃபைல் இல்லாத பழைய லென்ஸுக்கு ஸ்லைடரைக் கையால் நகர்த்தலாம். இதைப் படத்தை கிராப் செய்யும் முன்பே செய்யுங்கள். கிராப் செய்த பிறகு போடுகிற விக்னெட் ஸ்லைடர் வெட்டிய படத்தின் நடுவை மையமாக எடுத்துக்கொள்ளும், லென்ஸ் தந்த இருட்டுக்கோ முழுப் படத்தின் நடுதான் மையம், இரண்டும் பொருந்தாது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. மூலையை இரண்டு ஸ்டாப் ஏற்றினால், அந்த மூலை மட்டும் நான்கு மடங்கு ஐஎஸ்ஓவில், அதாவது வெளிச்ச உணர்திறனை நான்கு மடங்கு கூட்டி எடுத்தது போல ஆகிவிடும். ஐஎஸ்ஓ 100இல் எடுத்த பகல் படத்தில் இது யாருக்கும் தெரியாது, தாராளமாக ஏற்றுங்கள். ஐஎஸ்ஓ 1600இல் எடுத்த இரவுப் படத்தில் மூலை 6400 போல நாய்ஸ் காட்டும், நடு சுத்தமாக இருக்கும், இந்த வித்தியாசம்தான் கண்ணை உறுத்தும். அதனால் முடிந்த வரை துளையைச் சுருக்கி எடுங்கள், மீதியை மட்டும் சாஃப்ட்வேருக்கு விடுங்கள்.

பால்வீதி எடுப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, லென்ஸ் முழுதாகத் திறந்தே ஆக வேண்டும். அவர்களுக்கு ஃப்ளாட் ஃபிரேம் நல்ல வழி. லென்ஸின் முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து, சீரான வெளிச்சத்தைப் பார்த்து, அதே அபர்ச்சர், அதே ஃபோகஸில் பத்து இருபது படம் எடுத்து வைத்தால், அது அந்த லென்ஸின் இருட்டுக்கு வரைபடம் போல. வானியல் படங்களை அடுக்குகிற சாஃப்ட்வேர்கள் அதை வைத்து வகுத்து மூலையை நேராக்கிவிடும். ராதெரபி என்ற ரா படச் சாஃப்ட்வேரிலும் ஃப்ளாட் ஃபீல்டு என்று இதற்கு ஒரு பகுதி உண்டு.

பனோரமாவில் மூலை இருட்டு வேறு வேடத்தில் வரும். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது ஒவ்வொன்றின் ஓரமும் இருண்டு, வானத்தில் அலை அலையாகப் பட்டைகள் விழும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு படத்திலும் சரிசெய்துவிட வேண்டும், இல்லையென்றால் ஹக்கின் போன்ற சாஃப்ட்வேரிடம் விடலாம், அது ஒன்றின் மேல் ஒன்று விழுகிற பகுதிகளை ஒப்பிட்டு இருட்டின் அளவைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

விக்னெட்டிங் என்று பலரும் தவறாக நினைக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போலரைசர் போட்டு அகலமாக வானத்தை எடுத்தால் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கிற வானத்தில்தான் போலரைசர் அதிகம் வேலை செய்யும், வைடு லென்ஸ் அந்தப் பகுதியையும் பார்க்கும், அதைத் தாண்டியும் பார்க்கும், அதனால் இந்தப் பட்டை. லென்ஸ் ப்ரொஃபைல் இதைத் தொடவே தொடாது. போலரைசரைப் பாதி திருப்புங்கள், அல்லது கழற்றிவிடுங்கள்.

எல்லாப் படத்திலும் மூலையை முழுதாகத் துடைத்தெடுக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. கட்டிடங்கள், பனோரமா, பொருட்களின் படம் என்றால் முழுதாகச் சரிசெய்வேன். மனிதர்கள் இருக்கிற படத்தில் ப்ரொஃபைலின் விக்னெட் ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கிவிடுவேன், கொஞ்சம் இருண்ட ஓரம் பார்ப்பவர் கண்ணை முகத்துக்கு நடத்திக்கொண்டு போகிறது. டார்க் ரூமில் பிரிண்ட் போட்டவர்கள் ஓரங்களுக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்து வேண்டுமென்றே அவற்றை இருட்டாக்கினார்கள்.

கேமராப் பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறேன். மேகமூட்டமான ஒரு காலையில் உட்கார்ந்து எடுத்த சோதனைப் படங்களைப் பார்த்து எழுதியது. எந்த லென்ஸில் எந்த அபர்ச்சரில் மூலை தெளிகிறது, எந்த ஃபில்டர் எத்தனை மிமீ வரை வெட்டாமல் இருக்கிறது என்று லென்ஸுக்கு ஒரு வரி. என் ஜூமில் போலரைசரோடு 18 மிமீ வரை பத்திரம், அதற்குக் கீழே போனால் ஃபில்டர் பைக்குள் போய்விடும்.